மழையில்லாத நாளில் ஒழுகிய கூரை

போன மாதம் என் மகன் வீட்டுப் படுக்கையறை மேல்தளம் சொட்டியது. குன்னூரில் புதிதாகக் கட்டிய வீடு. காற்று புகாத கண்ணாடி ஜன்னல், இறுக்கிச் சாத்தும் கதவு, உள்ளே ஹீட்டர். மகன் போனை எடுத்து மேஸ்திரியை வாங்கு வாங்கென்று வாங்கினான். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். "குளிருதும்மா" என்று மூடினான். மறுபடி திறந்தேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. முட்டி வலிக்கிறது, கண் மங்குகிறது. ஆனால் ஜன்னல் விஷயத்தில் மட்டும் இந்த வீட்டில் யாரும் என்னை ஜெயித்ததில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒழுகாத கூரைக்குக் கீழே நம்மில் யாரும் வளரவில்லை. எந்தச் சொட்டுக்கு எந்தப் பாத்திரம் என்று நமக்கு அத்துப்படி. ஆனால் கூரையில் ஓட்டையே இல்லாமல் ஒழுகிய வீட்டில் உங்களில் எத்தனை பேர் இருந்திருப்பீர்கள்? நான் இருந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தேன்.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்து எங்களுக்கு அது மூன்றாவது வருஷம். பந்தலூரைத் தாண்டி, சேரங்கோடு பக்கம் ஓர் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்திருந்தது. அம்மா கொழுந்தெடுப்பாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் லயத்தில் நான்காவது வீடு எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, மேலே தகரக் கூரை. எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு நான்கு.

எனக்கும் தம்பிக்கும் முன்னால் ஓர் அண்ணன் இருந்தான். சிலோனில் பனிமலைத் தோட்டத்து லயத்தில், மூன்று வயதில், நெஞ்சுச் சளி வந்து போய்விட்டான். எனக்கு அவனைத் தெரியாது. வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே கிடையாது. தம்பி இரண்டு தடவை சேர்ந்தாற்போல் இருமினால் அம்மாவின் முகம் மாறிவிடும். அண்ணன் இருந்தான் என்பதை நான் அந்த முகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் லயத்து வீடு ஒவ்வொன்றிலும் சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, இரண்டு துவாரங்கள் விட்டிருந்தார்கள். அடுப்படியில் ஒன்று, முன்னறையில் ஒன்று. ஓர் ஆள் தலை நுழையும் அகலம், நடுவில் செங்கல்லைக் குறுக்காக வைத்த பின்னல். குருவி வந்து உட்காரும் என்பதால் பிள்ளைகள் குருவி ஓட்டை என்போம். இது தவிர சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே விரல்கடை இடைவெளி நீளமாக ஓடும். வைகாசி முடிந்து காற்று மாறியதும் லயத்துப் பெண்கள் செய்கிற முதல் வேலை இவற்றை எல்லாம் அடைப்பதுதான். பனிமலைத் தோட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள், இங்கேயும் அப்படியே செய்தார்கள். கிழிந்த சாக்கைச் சுருட்டித் திணித்து, அதன் மேல் சிமெண்டுப் பையின் தாளை மைதாப் பசை போட்டு ஒட்டுவார்கள். யார் வீடு இறுக்கமாக அடைபட்டிருக்கிறது என்பதில் போட்டியே நடக்கும். அந்தப் போட்டியில் அம்மாவை அடிக்க ஆளில்லை. விளக்கை ஏற்றி ஓட்டையோரம் பிடித்து, சுடர் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறங்குவாள்.

அந்த வருஷம் மழை வந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. மழை போகவே இல்லை என்று சொன்னால்தான் சரி. அம்மா இடுப்பில் கட்டிப்போகும் படங்குச் சாக்கு, அப்பாவின் கம்பளி, தம்பியின் துணிகள், என் பள்ளிக்கூடப் பாவாடை எல்லாம் அடுப்படிக் கயிற்றில்தான் தொங்கும். அடுப்புக்கு மேல் பரணில் ஈர விறகு காயும். அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் கொதிக்கும், தம்பிக்கு ஆவி பிடிக்க. புகையும் நீலகிரித் தைலமும் நனைந்த கம்பளி நாற்றமும் கலந்த ஒரு வாசனை அந்த வீட்டுக்கு உண்டு. இப்போதும் எங்கேயாவது தைலம் மணந்தால் எனக்குக் கண் எரியும்.

ஆனியில் ஒருநாள் விடியற்காலையில் தம்பியின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு காதருகில் ஒன்று. பாயை இழுத்துப் போட்டோம், அங்கேயும் விழுந்தது. ஒரு வாரத்துக்குள் வீட்டில் உள்ள பாத்திரம் எல்லாம் தரையில் இருந்தது. பால் டின், ஈயப் போசி, சிலோனிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட எனாமல் தட்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். சுவரில் உச்சியிலிருந்து கறுப்பு கறுப்பாகப் பூஞ்சணம் இறங்கியது. தம்பியின் நெஞ்சுக்குள் ஒரு விசில் குடியேறியது. மூச்சை இழுக்கும்போது அவன் விலா எலும்புகள் உள்ளே போய் வெளியே வரும். நான் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவனுக்குச் சேர்த்து நானும் மூச்சு இழுப்பேன், ஏதோ உதவி செய்வதாக நினைப்பு.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கம்பவுண்டர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். "குளிர்காத்து படாம வச்சுக்கங்க. மழைக்காலம் முடியற வரைக்கும் இந்த மலையில இருந்து எறக்கிட்டா நல்லது" என்றார். அம்மா வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே அடைத்த ஓட்டைகளின் மேல் இன்னொரு தாளை ஒட்டினாள். அப்பா துறையூர் பக்கம் இருந்த பெரியம்மாவுக்குக் கடிதம் எழுதினார். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அடுத்த வாரமே பதில் வந்தது. ஆடிப் பதினெட்டு கழிந்ததும் பெரியப்பா வந்து தம்பியைக் கூட்டிப்போவார். மழைக்காலத்துக்கு மட்டும் அல்ல, இனிமேல் அங்கேயே இருந்து படிக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

கடிதத்தைச் சத்தமாகப் படித்தவள் நான்தான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. "இனிமேல் அங்கேயே" என்ற இடத்தை நம்பாமல் இரண்டு தடவை படித்தேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "ஒருத்தன் போனது போதும். எங்கயாவது உசுரோட இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். அவள் கண்ணிலிருந்து வடிந்தது புகையால்தான் என்று அப்போது நம்பினேன். எனக்கு மகா கோபம். தம்பியை அனுப்பக் காரணம் வீடு ஒழுகுவது. அப்படியென்றால் ஒழுகலை நிறுத்த வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை என்று முடிவு செய்தேன். அப்போதெல்லாம் நான் முடிவு செய்தால் செய்ததுதான், இப்போதும் அப்படித்தான் என்று மருமகள் சொல்வாள்.

ஆனால் எனக்கு முன்னால் அப்பா கிளம்பிவிட்டார். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தார் டப்பாவும் சுத்தியும் ஒரு பொட்டலம் ஆணியுமாகக் கூரை மேல் ஏறினார். தகரம் காற்றில் தூக்கிக்கொள்கிறது, அதனால்தான் தண்ணீர் இறங்குகிறது என்பது அவர் தீர்மானம். ஏழு ஆணி அடித்தார். இறங்கி வந்து, "இனி ஒரு சொட்டு விழட்டும் பார்ப்போம்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அன்று சாயந்திரமே மழை பிடித்தது. ஏழு இடத்திலும் கயிறு போல இறங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரம் கடன் வாங்கினோம்.

மறுநாள் ஆபீசில் எழுதிக்கொடுத்து, தோட்டத்து ஆசாரியை வரவழைத்தார்கள். கூடலூர்க்காரர், பாதி மலையாளம் பேசுவார், ஒல்லியான மனிதர். கூரை மேல் ஏறிய வேகத்தில் சிரிக்க ஆரம்பித்தார்.

"அண்ணா, தகரத்துல மேடு உண்டு, பள்ளம் உண்டு. வெள்ளம் எதுல ஓடும்?"

"பள்ளத்துல."

"அப்போ ஆணி எதுல அடிக்கணும்?"

அப்பா பள்ளம் பார்த்துப் பள்ளம் பார்த்து அடித்திருந்தார், அங்கேதான் கீழே கட்டை தட்டுப்பட்டது என்று. ஆசாரி ஏழு ஆணியையும் பிடுங்கி, ஓட்டைக்குத் தாரும் தகரத் துண்டும் வைத்து அடைத்தார். புதிய ஆணிகளை மேட்டில் அடித்தார், ஒவ்வொன்றுக்கும் பழைய டயர் டியூபில் வெட்டிய ஒரு வட்டம் போட்டு. காற்று வரும் பக்கத்தில் ஒரு தகரம் மற்றதன் மேல் போதுமான அளவு ஏறியிருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்தார். கூரையோரத்தில் மக்கிக் கிடந்த சருகை வாரிப்போட்டார். அப்பாவின் ஏழு ஒழுகலும் அன்றோடு நின்றது. பழைய சொட்டு மட்டும் மறுநாள் விடியலில் தம்பியின் மேலேயே விழுந்தது.

ஆசாரி இன்னும் இரண்டு தடவை வந்தார். மூன்றாம் தடவை கூரையை விட்டு இறங்கி, வீட்டுக்குள் வந்து நின்று, அண்ணாந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"சேச்சி, மேலே ஒரு ஓட்டையும் இல்ல. வெள்ளம் மேலேருந்து வரல. உள்ளேருந்து வருது. நிங்கள் வீட்டுக்கு மூச்சு விட வழியில்ல. அந்தச் சாக்க எடுத்துக் களையணும்."

அம்மாவுக்கு வந்தது பாருங்கள் கோபம். "எம் புள்ளைக்கு மூச்சு இல்லாம நான் தவிக்கிறேன், ஊட்டுக்கு மூச்சு இல்லைங்கிறியா?" என்று கத்தினாள். மறுநாள் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் பெரட்டுக் களத்தில், அத்தனை பேர் முன்னால் சொன்னாள்: "ஆசாரி ஓட்டைய அடைக்கத் தெரியாம பொய் சொல்றாரு. வேலைக்குச் சோம்பல்." அவரை ஆபீசில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அவர் பிறகு எங்கள் லயத்துப் பக்கமே வரவில்லை. அன்றைக்கு நானும் அம்மாவின் கட்சிதான். கூரையிலிருந்து விழுகிற தண்ணீர் உள்ளேயிருந்து வருகிறது என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும், மழை திடீரென்று விட்டது. மூன்று நாள் வானம் சுத்த நீலம். ராத்திரி நட்சத்திரம் தெரிந்தது, குளிர் எலும்பைத் தொட்டது. சொட்டு நின்றுவிடும், தம்பி போக வேண்டாம் என்று நான் குதித்தேன். விடிந்து பார்த்தால், மழை பெய்த நாட்களைவிட அதிகமாகச் சொட்டியிருந்தது. தரையில் அடுப்புக்கரியால் வட்டம் போட்டு எண்ணி வைக்கும் பழக்கம் எனக்கு. அன்றைக்கு வட்டம் போட இடம் இல்லை. ஒரு சொட்டை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தேன். மழைத் தண்ணீர் ருசி நமக்குத் தெரியாதா? இது புகை கசந்தது.

அப்பாவிடம் ஓடினேன். "தகரத்து இடுக்குல தங்குன தண்ணி, மெதுவா எறங்குது" என்றார். மூன்று நாள் வெயிலிலும் காயாமல் எந்த இடுக்கில் தங்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு குட்டு விழுந்திருக்கும். பெரியவர்கள் ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் அந்தக் காரணத்துக்குக் காவல் நிற்பார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். நானும் இன்று அதையேதான் செய்கிறேன், அது வேறு கதை.

நான்காம் நாள் மழை திரும்பியது. அப்பா மதியச் சோற்றை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன். அப்பாவுக்கு வேலை மேல்மாடியில், பறித்து வந்த பச்சைக் கொழுந்தை வாட்டும் இடத்தில். நீளமான கூடம், வரிசையாகக் கம்பி வலைத் தட்டுகள், அவற்றில் ஒரு சாண் கனத்துக்குக் கொழுந்து. மழை நாளில் கீழேயிருந்து சூடான காற்றை விசிறி வைத்து மேலே தள்ளுவார்கள். அது கொழுந்தின் ஊடே புகுந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னல் வழியே வெளியேறும். பழுத்த பேரிக்காய் வாசனை அடிக்கும். எனக்கு உலகத்திலேயே பிடித்த வாசனை அது.

அன்றைக்குப் பேரிக்காய் வாசனை இல்லை. ஏதோ வெந்த கீரை நாற்றம். அப்பா ஓர் ஆளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். சாரல் அடிக்கிறதென்று அவன் எதிர்ப்பக்க ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டான்.

"சூட்ட மட்டும் குடுத்துக்கிட்டே இருந்தா போதுமா? கொழுந்துல இருந்து கெளம்புற ஈரம் எங்கடா போகும்? அந்தா பாரு, தகரத்துல முட்டித் தண்ணியா நிக்குது. அது திரும்பக் கொழுந்து மேலதானே விழும்? ஈரக்காத்து போறதுக்கு வழி வுடணும்டா மொதல்ல!"

நான் அண்ணாந்து பார்த்தேன். ஃபேக்டரிக் கூரையின் உட்பக்கம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எங்கள் வீட்டுக் கூரை அப்படியே அங்கே இருந்தது. தூக்குவாளியைக் கீழே வைத்தேன்.

"அப்பா, நம்ம வீட்டு ஈரம் எங்கப்பா போகும்?"

விசிறிச் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் இன்னொரு தடவை, கத்திக் கேட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தினம் பத்து மணி நேரம், வருஷக்கணக்காக, கொழுந்துக்குக் காற்று பார்த்துக் காற்று பார்த்து விட்ட மனிதர். அடிப்பாரோ என்று ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். "வாளிய வச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

சாயந்திரம் வந்ததும் கம்பளியைக்கூடக் கழற்றாமல் முக்காலி போட்டு ஏறி, தகரத்தின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். கை கறுப்பாக நனைந்து வந்தது. அம்மாவிடம் நீட்டிக் காட்டினார்.

"ஆசாரி சொன்னது நெசம் புள்ள. அடுப்பு ஆவி, ஈரத்துணி, நாம விடுற மூச்சு, எல்லாம் மேல போயி குளிர்ந்த தகரத்துல பட்டுத் தண்ணியாவுது. சாக்க எடுத்துருவோம்."

"எடுத்துப் பாருங்க" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. அருவாமணையிலிருந்து எழுந்து, தம்பி படுத்திருந்த பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். "பனி இந்த ஓட்டை வழியாத்தான் உள்ள வரும். வந்து எம் புள்ள நெஞ்சுல ஒக்காரும். நீங்க கொழுந்து வாட்டுறவங்க. புள்ள வளக்குறது நானு. பெரியப்பா வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் இவன் மேல காத்து படக் கூடாது."

அப்பா முக்காலியை விட்டு இறங்கிவிட்டார். பயத்தால் அல்ல. அண்ணன் விஷயத்தில் அம்மாவை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வராது. அது எனக்குப் பின்னாளில் புரிந்தது. அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: பெரியப்பா வர ஒன்பது நாள் இருக்கிறது, அப்பா கையை விரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். அம்மா தம்பியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனதும், முக்காலி மேல் தகரப்பெட்டியை வைத்து ஏறினேன். தாளைக் கிழிக்கவில்லை, மேல் ஓரத்தை மட்டும் ஈரத்துணியால் நனைத்துப் பிரித்து, பின்னாலிருந்த சாக்கை உருவினேன். கீழேயிருந்து பார்த்தால் தாள் ஒட்டியபடி இருப்பதாகத் தெரியும், மேலே ஒரு சாண் திறந்திருக்கும். முன்னறை ஓட்டையையும் அப்படியே செய்தேன். சாக்கை விறகுக்கட்டுக்குப் பின்னால் திணித்தேன். அடுப்பு மூட்டியதும் புகை ஒருகணம் யோசித்தது, பிறகு நேராக மேலே போய்த் தாளுக்குப் பின்னால் மறைந்தது. தம்பி கைகொட்டினான். "புகை ஓடுது, புகை ஓடுது" என்று மூச்சிரைக்கச் சிரித்தான். அவன் வாயில் கற்கண்டை வைத்து, "அம்மாகிட்ட சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கினேன்.

அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. தம்பிக்கு ஏதாவது ஆனால் கொன்றவள் நான்தான் என்று தெரியும். அவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டுக்கொண்டே கிடந்தேன். விடியலில் எனாமல் தட்டில் ஐந்தாறு சொட்டு. மறுநாள் ஒன்றிரண்டு. மூன்றாம் நாள் தட்டு காய்ந்து கிடந்தது. விசில் முதலில் தேய்ந்து, பிறகு மூச்சை உற்றுக் கேட்டால் மட்டும் கேட்கிற அளவுக்கு ஆனது. அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட மாவிளக்கு வேலை செய்கிறது என்றாள். அப்பா தைலம் மாற்றியதைச் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டே அவர் கூரையையும் பிறகு என்னையும் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலப் பீடி பற்றவைத்தார்.

செவ்வாய்க்கிழமை பெருங்காற்று அடித்தது. அம்மா உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். முன்னறைத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டு, கிழிந்து, அவள் காலடியில் வந்து விழுந்தது. ஓட்டை வழியே வெளிச்சம் பளிச்சென்று தம்பி மேல் விழுந்தது. அம்மா விறகுக்கட்டையை எடுத்தாள். நான் ஓடவில்லை. ஓடினால் மறுபடி அடைத்துவிடுவாள்.

"எப்படி எடுத்த?"

"ஏறி."

"எப்ப?"

"வெள்ளிக்கெழம."

கட்டை ஓங்கிய கை அப்படியே நின்றது. அம்மா இன்னொரு கையில் விரல் மடக்கினாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நான்கு ராத்திரி. தம்பி பாயில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து அவன் நெஞ்சில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. உலை பொங்கி அடுப்பு அணைந்தது, அதையும் கவனிக்கவில்லை. எனக்கு அடி விழாதது அடியைவிடப் பயமாக இருந்தது. பிறகு எழுந்து, முக்காலியைப் போட்டு ஏறி, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே திணித்திருந்த கந்தலை எல்லாம் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், பேர் கூப்பிடுவதற்கு முன்னால், எந்த இடத்தில் நின்று ஆசாரியைச் சொன்னாளோ அதே இடத்தில் போய் நின்றாள். நானும் கூடப் போயிருந்தேன். "எல்லாரும் கேட்டுக்கங்க. ஆசாரி பொய் சொல்லல. நாந்தான் தெரியாம பேசுனேன். என் வீட்டு ஒழுகலுக்கு நாந்தான் காரணம்" என்றாள். அவ்வளவு கூட்டத்தில் ஒரு பெண் அப்படிப் பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆசாரி தலையைச் சொறிந்தார். "போட்டே சேச்சி, விடுங்க. ஓட்டைய அடைக்கணும்னு ஆயிரம் பேர் என்னை விளிச்சிட்டுண்டு. தொறக்கணும்னு ஒருத்தரும் விளிச்சதில்ல" என்றார். களமே சிரித்தது, அம்மாவும் சிரித்தாள்.

சனிக்கிழமை பெரியப்பா வந்தார். கட்டி வைத்த துணி மூட்டையை அம்மா அவர் கண்ணெதிரே அவிழ்த்தாள். இரண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு, பெரியம்மாவிடம் என்ன சொல்வது என்ற கவலையோடு, ஒரு பொட்டலம் தேயிலைத் தூளோடு அவர் பஸ் ஏறினார். பெரியம்மாவுக்கு நாங்கள் செய்தது நியாயமில்லை. ஆனாலும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வளைவில் திரும்பும்வரை நின்றபோது எனக்கிருந்த சந்தோஷம், பிற்பாடு கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா முடிக்கவில்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். சில வீடுகளில் சிரித்தார்கள், சில வீடுகளில் திட்டினார்கள், ஒரு வீட்டில் நாயை ஏவினார்கள். அம்மா மறுபடி போனாள். ஒரு வாரத்தில் பதினோரு வீடு திறந்தது. பன்னிரண்டாவது வீட்டு அக்கா மட்டும் கதவில் குறுக்கே நின்றாள். அவள் இடுப்பில் மூன்று மாதக் கைக்குழந்தை. உள்ளேயிருந்து புகை அவள் தோளுக்கு மேல் கனமாக வந்துகொண்டிருந்தது. குழந்தை இருமியது.

"ஒங்க புள்ளைக்கு நாலு வயசுக்கா. தாங்கிருச்சு. இது பச்ச மண்ணு. நான் தொறந்து வச்சு, குளிர்ல இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஒங்களுக்கே தெரியும்ல? சிலோன்ல ஒங்க மூத்தவன் குளிர்லதானே போனான்?"

லயத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. நான் முக்காலியைக் கீழே வைத்தேன். அம்மா கோபப்படுவாள், திரும்பி நடந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"குளிர்ல போவல" என்றாள். "அன்னைக்கும் நான் எல்லாத்தையும் அடைச்சுதான் வச்சிருந்தேன். மூணு மாசம், புகையில, ஈரத்துல. மேல இருந்து சொட்டும், நான் இன்னும் இறுக்கி அடைப்பேன். வாயத் தொறந்து தொறந்து காத்துக்கு ஏங்குனான். நான் குளிருதோன்னு போத்தி விட்டேன்."

அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் காலத்து லயத்தில் ஒரு பிள்ளை சாக ஆயிரம் காரணம் இருந்தது. தம்பியின் நெஞ்சில் காதை வைத்துக் குனிந்து கிடந்தாளே, அந்த நேரத்தில் அவள் தனக்குத் தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். யாரிடமும் முறையிடவும் இல்லை. அதை வெளியே எடுத்துப் போடத் தேவை வந்தபோது, தயங்காமல், அடுத்தவள் வாசலில், என் கண்ணெதிரே எடுத்துப் போட்டாள்.

அக்கா குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள். என்னிடமிருந்து முக்காலியை வாங்கி உள்ளே கொண்டுபோய், தானே ஏறினாள்.